சோலாரில் ஓடும் கடைக்கு ஏ.சி. போடலாமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோடை தொடங்கினால் நமது சங்க உறுப்பினர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடையில் சோலார் இருக்கிறது. லைட், ஃபேன், பில் மிஷின் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதோடு ஒரு ஏ.சி.யையும் சேர்த்துவிடலாமா?" என்பதே அது. விற்க வருபவர்கள் "தாராளமாகச் சேர்க்கலாம்" என்கிறார்கள். ஏற்கெனவே சேர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் "வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. பகலில் ஓட்டுவது என்றால் சேர்க்கலாம். இரவில் ஓட்டுவது என்றால் பலமுறை யோசிக்க வேண்டும். காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். நமக்கு மின்சாரப் படிப்பு கிடையாது. ஆனால் மொத்த வியாபாரத்தில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கல் வகுத்தலே இதற்குப் போதும்.

முதலில், எந்த சோலாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. அப்போது நம்மவர்கள் பலர் கடை மாடியில் பேனலும், உள்ளே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்துக்கொண்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து டெல்டா மாவட்டங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்த பிறகு, அந்தப் பக்கத்திலும் பலர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை ஓரம் கிட்டங்கி கட்டுபவர்களில், கம்பம் நட்டு லைன் இழுக்கும் செலவுக்கு அஞ்சி சோலாரை நம்புபவர்களும் உண்டு. இவை மின்வாரியக் கம்பியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல், பேட்டரியை வைத்துத் தனியாக ஓடுபவை. நாம் பேசுவது இவற்றைப் பற்றித்தான். மின்வாரியத்துடன் இணைத்து, மிச்ச மின்சாரத்தை அவர்களுக்கே அனுப்பும் முறை வேறு. அதைப் பின்னால் தொடுவோம்.

எந்தச் சரக்குக்கு ஏ.சி. தேவை?

அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு, புளி என்று நம் முன்னோர் விற்ற சரக்குகளுக்கு நல்ல காற்றோட்டமே போதும். இவற்றை ஏ.சி. அறையில் அடுக்குவது வீண் செலவு. இன்று பலசரக்குக் கடையின் சரக்கே மாறிவிட்டது. பாதாம், பிஸ்தா, முந்திரி, பேரீச்சை, சாக்லேட், கேக், நெய், குழந்தை உணவு என்று விலை கூடிய சரக்கு அலமாரியில் ஏறிவிட்டது. சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34, 35 டிகிரிக்கு முற்றிலும் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள அறை மத்தியானம் இந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். ஒரு முறை இளகி மீண்டும் இறுகிய சாக்லேட்டில் வெள்ளைப் படலம் பூத்துவிடும். தின்றால் கேடில்லை, ஆனால் வாடிக்கையாளர் தொடமாட்டார். பருப்பு வகைக் கொட்டைகளில் சூடு ஏற ஏற எண்ணெய் சிக்கு வாடை சீக்கிரம் வரும். ஒரு கோடையில் இப்படிக் கழிவாகும் சரக்கின் கொள்முதல் விலை எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். ஏ.சி.க்கு எவ்வளவு முதல் போடலாம் என்பதை அந்தத் தொகைதான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துக் கடையில் ஏ.சி. வந்துவிட்டது என்பது கணக்கில் சேராது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஏ.சி. பிறந்ததே சரக்கைக் காப்பாற்றத்தான். 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதுதான் அங்கே தொல்லை. மனிதர் சுகத்துக்கு அது வந்தது பிறகுதான்.

கையில் உள்ள சோலார் தாங்குமா?

ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். மாடியில் 1,000 வாட் பேனல். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், எட்டு மணி நேரம்: 1.8 யூனிட். ஆறு எல்.இ.டி. விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட், ஐந்து மணி நேரம்: 0.6 யூனிட். பில் மிஷினும் எலக்ட்ரானிக் தராசும் சேர்த்து 60 வாட், பத்து மணி நேரம்: 0.6 யூனிட். ஆக ஒரு நாள் செலவு 3 யூனிட்.

வரவு என்ன? நம் ஊர் வெயிலில் 1,000 வாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட் தரும். பேட்டரிக்குள் போய் வெளியே வந்து, இன்வெர்ட்டர் வழியாகக் கடைக்கு வருவதற்குள் கால் பங்கு சேதாரம் ஆகும். கையில் நிற்பது 3 யூனிட். வரவும் செலவும் சரியாகிவிட்டன. இந்தக் கல்லாவில் ஏ.சி.க்கு என்று ஒரு பைசா மிச்சம் இல்லை.

சேதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. நம் மாடியில் மத்தியானம் பேனலின் சூடு 60 முதல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும் என்பதால், உச்சி வெயிலில் சுமார் 15 சதவீதம் போய்விடுகிறது. வெயில் கூடினால் கரண்டும் அதே அளவு கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏ.சி. எவ்வளவு தின்னும்?

'ஒன்றரை டன் ஏ.சி.' என்றால் இயந்திரத்தின் எடை என்று சிலர் நினைக்கிறார்கள். பழங்காலத்தில் ஐஸ் கட்டியால் அறையைக் குளிர்வித்தபோது ஏற்பட்ட அளவு இது. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுவே ஒரு டன். இன்றைய கணக்கில் அது 3,500 வாட் சூடு. அதை வெளியேற்ற நல்ல ஏ.சி. சுமார் 1,000 வாட் மின்சாரம் எடுக்கும்.

12-க்கு 15 அடி உள்ள சரக்கு அறை, ஒன்றரை டன், ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர் வகை ஏ.சி. என்று வைத்துக்கொள்வோம். அறை சூடாக இருக்கும் முதல் ஒரு மணி நேரம் 1,500 வாட் இழுக்கும். அறை குளிர்ந்த பிறகு வேகம் குறைந்து, கடும் கோடையில் சராசரி 900 வாட் என்று ஓடும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஆறு மணி நேரத்துக்கு: முதல் மணி 1.5, மீதி ஐந்து மணிக்கு 4.5, ஆக 6 யூனிட்.

ஸ்டார் லேபிளில் உள்ள எண்ணை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். அதில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓட்டுவதற்கான கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட் ஆகிறது. ஆனால் அது ஆண்டு முழுவதற்குமான சராசரி. நாம் ஓட்டப்போவது உச்சிக் கோடையின் உச்சி வேளையில். ஆகவே லேபிள் எண்ணை அப்படியே எடுத்துப் பேனல் வாங்கினால் சித்திரையில் கை விரிக்க வேண்டி வரும்.

இந்த 6 யூனிட்டைப் பகலிலேயே நேராகப் பேனலிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டர் சேதாரம் பத்து சதவீதம் மட்டும். 6.7 யூனிட் உற்பத்தி வேண்டும். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் 1,000 வாட் பேனல் 3 யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். ஆகவே 2,100 வாட் என்று கணக்கு வருகிறது. மேகம், தூசி இவற்றுக்கும் இடம் விட்டு 3,000 வாட் என்று வைப்பதே நல்லது. 540 வாட் பேனல் என்றால் ஆறு. ஒன்று ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி. எடை 28 கிலோ வாக்கில் இருக்கும். நடக்க, துடைக்க வழி விட்டால் மாடியில் 250 முதல் 300 சதுர அடி வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் மாடி யாருடையது என்பதை முதலில் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கோடையில் ஏ.சி.யின் தேவை உச்சத்தில் இருக்கும்போது வெயிலும் உச்சத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனல் படுத்துவிட்டால், அறையும் குளிர்ந்தே இருக்கிறது. சோலாரில் வேறு எந்தச் சாமானுக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது. பகல் நேர ஏ.சி.யைத் தைரியமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பேட்டரி என்பது வாடகைக் கிட்டங்கி

மாலை 6 மணி முதல் 10 மணி வரை கடையில் கூட்டம். அப்போதும் ஏ.சி. வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நான்கு மணி நேரம், மணிக்கு 0.9 யூனிட், 3.6 யூனிட். இன்வெர்ட்டர் சேதாரத்தைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 4.2 யூனிட் எடுக்க வேண்டும்.

ஒரு 150 ஏ.எச்., 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியில் ஏட்டில் இருப்பது 1.8 யூனிட். தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். ஆகவே நம்பி எடுக்கக்கூடியது 0.9 யூனிட். 4.2-ஐ 0.9-ஆல் வகுத்தால் ஐந்து பேட்டரி வருகிறது. 48 வோல்ட் அமைப்பில் நான்கு நான்காகத்தான் சேர்க்க முடியும் என்பதால் எட்டு. பகலுக்கு மட்டும் என்றால், மேகம் கடந்து போகும் ஐந்து பத்து நிமிடங்களைத் தாங்க நான்கு பேட்டரியே போதும். அவையும் அதிகம் இறங்காததால் நெடுநாள் உழைக்கும். மாலை நான்கு மணி நேரத்துக்காக மேலும் நான்கு பேட்டரியும், அவற்றை மறுநாள் நிரப்ப மேலும் 1,500 வாட் பேனலும் வேண்டும்.

இதை வியாபாரக் கணக்கில் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு பேட்டரி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 0.9 யூனிட் கொடுத்து 1,200 நாள் உழைக்கிறது என்றால், வாழ்நாளில் கொடுப்பது 1,080 யூனிட். வகுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 14 ரூபாய். இது மின்சாரத்தின் விலை அல்ல; மின்சாரத்தை மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை வைத்திருக்கும் கிட்டங்கி வாடகை. உங்கள் கடையின் மின்வாரிய பில்லை எடுத்து, யூனிட் விலையை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலையில் வந்த கீரையை மாலைக்குள் விற்பதுபோல், பகல் கரண்டைப் பகலிலேயே செலவழிப்பவருக்கு இந்த வாடகை இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கு பேட்டரியோடு பழைய ஏ.சி. ஒன்றை மாட்டி, ராத்திரி கடை அடைக்கும் வரை ஓட்டினார். பேனலைக் கூட்டவில்லை. பேட்டரிகள் ஒரு நாளும் முழுதாக நிரம்பவில்லை. அரைவயிற்றிலேயே கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. இரண்டாவது கோடையில் நான்கும் போய்விட்டன. ஏ.சி. நின்றது மட்டும் அல்ல, லைட்டும் பில் மிஷினும் நின்று, சாயங்கால வியாபாரமே கெட்டது. மாட்டிக்கொடுத்தவரைக் கேட்டதற்கு, "பேட்டரிக்குத்தான் வாரண்டி, நீங்கள் ஓட்டிய விதத்துக்கு இல்லை" என்றாராம். அவர் சொன்னதில் தவறு இல்லை. அதை மாட்டும் முன்பே சொல்லியிருக்கலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இந்தக் கணக்கைச் சற்று மாற்றுகிறது. அதில் 80, 90 சதவீதம் வரை இறக்கலாம். சில ஆயிரம் முறை இறக்கி ஏற்றலாம். முதல் கூடுதல். விலைப்பட்டியல் வாங்கி, மேலே சொன்ன அதே வகுத்தலைப் போட்டு யூனிட் வாடகையைக் கண்டுபிடியுங்கள். பழைய டியூபுலரோடு சேர்த்து மட்டும் மாட்டாதீர்கள். இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும் முறை வேறு.

குளிர்ச்சியைச் சரக்கிலேயே சேமிக்கலாம்

பேட்டரி இல்லாமல் ராத்திரியைக் கடக்க ஒரு வழி உண்டு. பகலில் அறையோடு சேர்ந்து சரக்கும் குளிர்கிறது அல்லவா? இரண்டு டன் உலர்ந்த சரக்கு ஐந்து டிகிரி குளிர்ந்தால், சுமார் 5 யூனிட் அளவு சூட்டை இழந்திருக்கிறது. அதைச் செய்ய ஏ.சி. எடுத்த மின்சாரம் ஒன்றரை யூனிட்தான். மாலை 4 மணிக்கு ஏ.சி.யை நிறுத்தி, கதவை இறுக்கிச் சாத்திவிட்டால், அந்த 5 யூனிட் சூடு வெளியிலிருந்து மீண்டும் உள்ளே வந்து சேரும் வரை சரக்கு மெதுவாகத்தான் சூடேறும். தண்ணீர் பாட்டில், குளிர்பானம் போன்றவை உலர்ந்த சரக்கைவிட எடைக்கு எடை இரண்டு பங்குக்கு மேல் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். அந்தப் பெட்டிகளை அறையின் வெளிச்சுவர்ப் பக்கம் அடுக்குங்கள்.

ஆனால் கதவு அடிக்கடி திறந்தால் இதெல்லாம் வீண். குளிர்ந்த சரக்கின் மேல் வெளிக் காற்றின் ஈரம் பட்டால் வியர்த்துவிடும். சாக்கு நனையும், அட்டைப்பெட்டி தளரும், பூஞ்சை பிடிக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் மோசம். மறுநாள் விற்பனைக்கு வேண்டியதை மாலை நான்கு மணிக்குள் வெளியே எடுத்துவைக்கும் பழக்கத்தைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மூடிய அறை என்பதால் வாடையும் கலக்கும். பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி இவற்றை முந்திரியோடும் தேயிலையோடும் ஒரே அறையில் வைத்தால், கொள்முதல் விலைக்குக்கூடப் போகாத சரக்காகிவிடும்.

சாக்லேட் மட்டுமே உங்கள் கவலை என்றால் ஏ.சி.யே வேண்டாம். பகலில் குளிர், இரவில் சூடு என்ற ஏற்ற இறக்கம் அதற்கு ஆகாது. வீட்டு உபயோக 200 லிட்டர் குளிர்பெட்டிகளின் லேபிளில் ஆண்டுக்கு 200 யூனிட் வாக்கில் இருப்பதைப் பார்க்கலாம். நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இதை இரவு பகல் பேட்டரியில் ஓட்டினாலும் பெரிய சுமை அல்ல. கண்ணாடிக் கதவு போட்ட காட்சிப் பெட்டி இதைப்போலப் பல மடங்கு தின்னும். அது காட்டி விற்பதற்கு, வைத்துக் காப்பதற்கு அல்ல.

முதல் செலவு சுண்ணாம்புக்கு

ஏ.சி. கடைக்குப் போகும் முன் மாடிக்குப் போங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் சூட்டைக் கொட்டுகிறது. நமது 180 சதுர அடி அறையின் கூரை மேல் விழுவது 16,000 வாட்டுக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் 1,600 வாட், கிட்டத்தட்ட அரை டன் ஏ.சி.யின் வேலை. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் இதில் பெரும்பகுதி குறையும். சோலார் பேனலை அந்த அறைக்கு நேர் மேலேயே, தளத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி மாட்டினால் அதுவே பந்தலாகிவிடும். பேனலின் அடியில் காற்று ஓடுவதால் பேனலும் சற்றுக் குளிரும்.

தகரக் கூரைக் கிட்டங்கி என்றால், உள்ளே தடுப்புக் கூரை போடாமல் ஏ.சி.யை நினைக்கவே வேண்டாம். அதற்கு வெறும் தெர்மாகோலை ஒட்டிவிடுகிறார்கள். தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டி எரியும், புகையும் அடர்த்தி. தீயைத் தாங்கும் பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு ஆள் நின்றால் 100 வாட் சூடு. பத்து வாடிக்கையாளர் என்றால் 1,000 வாட். அறைக்குள் இருக்கும் ஃப்ரீசர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதோ அவ்வளவும் சூடாக அந்த அறையிலேயே இறங்கும். இதை வெளியே தள்ள ஏ.சி. மறுபடியும் மின்சாரம் தின்னும். ஃப்ரீசரை வெளியே வையுங்கள். ஷட்டர் திறந்தே இருக்கும் முன்கடைக்கு ஏ.சி. போடுவது தெருவைக் குளிரவைப்பதாகும். கண்ணாடிக் கதவு போட முடியாதவர்கள் பின் அறைக்கு மட்டும் போட்டு, வாசலில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள்.

24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய அவசியம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிள் ஏ.சி.கள் போட்டவுடன் 24-இல் நிற்கும்படி விதி வந்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. கொட்டைகளுக்கும் பேரீச்சைக்கும் 26 போதும்.

இரண்டு இன்வெர்ட்டர், ஒரே பெயர்

இந்தப் பெயர்க் குழப்பத்தால் பணம் இழந்தவர்கள் உண்டு. கடையில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவது. 'இன்வெர்ட்டர் ஏ.சி.' என்பதில் உள்ளது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உள் அமைப்பு. அதை வாங்கினால் கரண்ட் போனாலும் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் சோலாருக்கு அந்த வகைதான் ஏற்றது. பழைய, ஒரே வேக ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 7, 8 ஆம்பியர் எடுக்கும்; கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். உங்கள் 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் தரக்கூடியதே 9 ஆம்பியருக்குக் கீழ்தான். ஆகவே ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்பும், அந்த அடி கிடையாது. பழைய ஏ.சி. கையில் இருக்கிறதே என்று அதற்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவது மாட்டுக்காக வண்டியை மாற்றுவது.

ஏ.சி.க்கு 1,500 வாட், மற்றவைக்கு 400 வாட் என்றால் 1,900 வாட். 24 வோல்ட் பேட்டரி அமைப்பில் இது 80 ஆம்பியர். 48 வோல்ட்டில் 40. ஆம்பியர் குறைந்தால் ஒயரின் சூடும் சேதாரமும் குறையும். ஆகவே 48 வோல்ட், 3.5 கே.வி.ஏ.க்குக் குறையாத, சுத்த சைன் வேவ், எம்.பி.பி.டி. உள்ள இன்வெர்ட்டர் என்று எழுதிக் கேளுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. மாட்டக் கூடாது. 'சோலார் முன்னுரிமை' என்ற அமைப்பும் அதில் இருக்க வேண்டும். பேனல் கரண்ட் நேராக ஏ.சி.க்குப் போய், மிச்சம் மட்டும் பேட்டரிக்குப் போகும்.

நமது கருத்து, பழைய 1,000 வாட் அமைப்பை அப்படியே லைட்டுக்கும் பில் மிஷினுக்கும் விட்டுவிட்டு, ஏ.சி.க்குத் தனிப் பேனல், தனி இன்வெர்ட்டர், தனி பேட்டரி வைப்பதே. செலவு சற்றுக் கூடும். ஆனால் ஏ.சி. நின்ற நாளில் கல்லா நிற்காது. ஒன்றாகத்தான் வைக்க முடியும் என்றால், ஏ.சி. ஒயரில் ஒரு டைமர் போட்டு மாலை 4 மணிக்குத் தானே அணையும்படி செய்துவிடுங்கள். ஆளை நம்பி விட்டால், "இன்னும் அரை மணி ஓடட்டும்" என்பது ஒன்பது மணி வரை போகும்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அது தீப்பற்றும். டியூபுலர் பேட்டரியை மூடிய ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். சூடான மாடிப்படி அடியிலும் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் துறையின் பொதுக் கணக்கு. நிழலும் காற்றும் உள்ள இடம் வேண்டும். பேனல் பக்கத்து ஒயருக்கு டி.சி.க்கென்றே செய்த பிரேக்கர் போட வேண்டும்; வீட்டு பிரேக்கர் போட்டால் தீப்பொறி அணையாமல் தொடரும். எர்த், இடிதாங்கி இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் ஏ.சி.யின் வலையை பதினைந்து நாளைக்கு ஒரு முறை கழுவ வேண்டும். பேனலை விடியற்காலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. ஒரு பேனலில் காக்கை எச்சமோ கொடிக்கம்ப நிழலோ விழுந்தால், அதோடு கோத்த மற்றப் பேனல்களின் உற்பத்தியும் குறையும்.

விலை பேசும் முன்

மின்வாரிய இணைப்பு ஒழுங்காக உள்ள டவுன் கடைக்காரர்கள், பேட்டரி இல்லாமல் மின்வாரியத்தோடு இணையும் சோலாரையும் விசாரித்துப் பாருங்கள். கிட்டங்கி வாடகை இல்லாததால் அது மலிவு. ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்கு மட்டுமே; அதுவும் மின்வாரியத்தோடு இணைந்த அமைப்புக்கே. கடைக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.யின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகவும், சோலார் பேனலுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். விலைப்பட்டியலில் "3 கிலோவாட் சிஸ்டம்" என்று ஒரே வரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பேனல் வாட் எத்தனை, எண்ணிக்கை எத்தனை, பேட்டரி ஏ.எச். எத்தனை, நாளைக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்று தனித்தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பில் கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்கட்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. அவர்கள் வரியையும் முதலோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மற்றவர்கள் எவ்வளவு எடுக்கலாம், தேய்மானம் எந்த விகிதத்தில் போடலாம் என்பதை வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.